பத்துக்கு ஆறரை

எங்கள் பயிற்சி நிலையத்தில் இரண்டு வகுப்பறைகள். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. ஒரு பக்கம் பதினொரு வருடங்களாக நான் ஆங்கில இலக்கணம் நடத்துகிறேன். மறுபக்கம் பத்து மாதங்களாக அவர் நடத்துகிறார். இந்தப் பத்து மாதங்களில் தடுப்பைத் தாண்டி என் பக்கம் வந்தவை இரண்டு. ஒன்று, வேகவைத்த முட்டையின் வாசனை. இன்னொன்று, சிரிப்பு.

முட்டையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

என் வகுப்பில் யாரும் சிரித்ததில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு முறை சிரித்திருக்கிறார்கள். ஒரு முறை என் நாற்காலி உடைந்தபோது. இன்னொரு முறை எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போது நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தேன்.

கீழே செருப்புக் கடை, மேலே நாங்கள். படிக்க வருகிறவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். வண்டி ஓட்டுகிறவர், மருந்துக் கடையில் நிற்கிறவர், தையல் யூனிட்டில் பொத்தான் தைக்கிறவர் என்று பல ரகம். அவர்களுக்கு நான் நடத்தும் பாடங்களில் என் உயிர் எதில் இருக்கிறது என்று கேட்டால், காலம் காட்டும் இணைப்புச் சொற்களில். வென், வைல், பிஃபோர், ஆஃப்டர், அன்டில், சின்ஸ், ஆஸ் சூன் ஆஸ். ஏழே ஏழு சொற்கள். இரண்டு காரியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது முன்னால், எது பின்னால், எது எதுவரைக்கும் என்று சொல்லிவிடும். ஏழு வரிசை, மூன்று கட்டம், நான்கு நிறச் சாக்பீஸ் என்று பலகையில் நான் போடும் அட்டவணையைப் பார்த்தால் ரயில் நிலையத்துக்காரர்களே பொறாமைப்படுவார்கள். நடத்தி முடிக்க நான்கு நாள் ஆகும். வருகிற காலத்தைச் சொல்லும்போது இந்தச் சொற்களுக்கு அடுத்து 'வில்' போடக் கூடாது என்பதற்கு மட்டும் தனியாக ஒரு நாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கத்துக்காரர் இந்த ஏழு சொற்களையும் நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டார். ஒரு மின்சாரக் கெட்டிலையும் ஒரு முட்டையையும் வைத்து.

அவர் வாத்தியாரே இல்லை. கப்பலில் சமையல்காரராக இருந்தவர். பதினாறு தேசத்துக்காரர்களுக்குச் சோறு போட்டு, அந்தப் பதினாறு பேரோடும் சண்டை போட்டு இங்கிலீஷ் பழகியவர். முட்டையைப் போடுவதற்கு முன் கழுவுகிறேன், தண்ணீர் கொதிக்கும்போது காத்திருக்கிறோம், நான் சொல்லும்வரை தொடாதே என்று செய்துகாட்டிக்கொண்டே போவார். வகுப்பு முழுக்க 'அன்டில்!' என்று கூட்டமாகக் கத்தும். யார் நன்றாகப் பேசுகிறார்களோ அவர்களுக்கு அந்த முட்டை. இதனால் அவர் பெயர் முட்டை சார். என் பெயர் சார், அவ்வளவுதான். பட்டப்பெயர் வைக்கிற அளவுக்குக்கூட யாரும் என்னைப் பொருட்படுத்தவில்லை.

நிலையத்தை நடத்தும் ஓனரம்மாவிடம் புகார் செய்தேன்.

"அம்மா, அந்தப் பக்கம் சமையல் பண்றாங்க."

"சமையல் இல்ல சார், பாடம்."

"முட்டை வாசனை வருது."

"உங்க பக்கத்துலேருந்து என்ன வாசனை வருதுன்னு நான் சொல்லட்டுமா?" என்றார் அவர். "தூக்க வாசனை. கதவைத் திறந்தா எனக்கே கொட்டாவி வருது."

மறுநாள் நானும் ஒரு வாழைப்பழத்தோடு வகுப்புக்குப் போனேன். உரிப்பதற்கு முன், உரிக்கும்போது, உரித்த பிறகு என்று ஆரம்பித்தேன். பாதி உரித்தபோது பலகையில் அட்டவணை போடாதது நினைவுக்கு வந்து, பழத்தை மேசையில் வைத்துவிட்டுக் கோடு போட ஆரம்பித்தேன். மூன்றாவது கட்டம் முடிகிற நேரத்தில் பின்பெஞ்சிலிருந்து டிரைவர் கேட்டார்: "சார், பழம் கறுத்துப் போச்சு. நீங்க சாப்பிடப் போறீங்களா, இல்ல அதையும் கட்டத்துக்குள்ள போடப் போறீங்களா?"

அன்று ஐந்து பேர் தண்ணீர் குடிக்க வெளியே போனார்கள். இரண்டு பேர்தான் திரும்பி வந்தார்கள். மீதி மூன்று பேரின் குரலை அரை மணி நேரம் கழித்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டேன். 'அன்டில்!'

இந்த எரிச்சலை எல்லாம் மூட்டை கட்டி தினமும் வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவியிடம் அவிழ்ப்பேன். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். பின்னறையில் கருவிகளைக் கழுவி, கொதிக்கவைத்து, உறையில் போட்டு அடுக்குவது அவள் வேலை. எட்டு வருடங்களாக. நான் முட்டை சாரைத் திட்டும்போதெல்லாம் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே "ம்" கொட்டுவாள். சில நாள் அவள் தோள் குலுங்கும். என் வேதனையைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவளுக்கும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க முயன்றிருக்கிறேன், கல்யாணமான புதிதில். மொத்தம் ஒரு மாலை. அவள் ஒரு வாக்கியம் ஆரம்பித்தாள். இரண்டாவது சொல்லில் நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தாள். நான்காவது சொல்லில் நிறுத்தினேன். புத்தகத்தை மூடிவிட்டு, "வேண்டவே வேண்டாம் சாமி. பேசற வாய்க்குப் பூட்டுப் போடறதுக்குப் பேரு பாடமா?" என்று எழுந்து போனவள், அதன் பிறகு இங்கிலீஷ் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதங்களாக அவளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. பாத்திரம் துலக்கும்போது உதடு தானாக அசையும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அசையும். நான் நிமிர்ந்து பார்த்தால் நின்றுவிடும். ஒரு நாள் அடுப்பில் முட்டையைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை வருடம் கழித்து இவளுக்கு என் மேல் காதல் வந்துவிட்டது என்று முடிவு செய்து, நான் ஒரு புதுச் சட்டை வாங்கிக்கொண்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

போட்டு உடைத்தவன் என் மச்சினன். எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஃபேனைச் சரிசெய்ய வந்திருந்தான். அவன் அக்கா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டூல் மேல் நின்றபடி ரொம்ப சாதாரணமாகக் கேட்டான்: "என்ன மாமா, அக்கா வெள்ளிக்கிழமை டெஸ்டுக்கு ரெடியாயிட்டாளா?"

"என்ன டெஸ்ட்டு?"

"அதான், ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு வேலையை விட்டுப் போகுதே. பேஷண்டுங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசத் தெரிஞ்சா அந்தச் சீட்டு உனக்குத்தான்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்களே. அக்காதான் ரெண்டு மாசமா கிளாஸுக்குப் போறாளே. யாரோ முட்டை சாராம், பின்னிப் பெடலெடுக்கறாராம். அவர் உங்க சென்டர்தானே மாமா?"

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் விழாமல் இருக்கப் பிடித்தது, இப்போது நான் விழாமல் இருக்க உதவியது.

"அக்கா உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னா, சொன்னா. எனக்குத் தெரியாம இருக்குமா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு மிகுந்த கவனத்தோடு ஃபேனைப் பார்த்தான். "காயில் எரிஞ்சிருக்கு மாமா," என்றான்.

எனக்கும்தான் எரிந்திருந்தது.

அவன் கிளம்பும்போது அவனை வழியனுப்ப அவளும் பஸ் ஸ்டாப் வரை போனாள். நான் அதற்காகவே காத்திருந்தவன்போல வீட்டைச் சோதனை போட்டேன். ஐந்தே நிமிடத்தில் கிடைத்துவிட்டது. இஸ்திரி போடவேண்டிய துணிக் குவியலுக்கு அடியில். நான் ஜென்மத்தில் கை வைக்காத இடம் அது என்று அவளுக்குத் தெரியும். பழுப்பு அட்டை போட்ட நோட்டு. முதல் பக்கத்தில் 'செவ்வாய், வியாழன், மதியம் மூன்று மணி' என்று முட்டை சாரின் கையெழுத்து. அந்த இரண்டு மதியங்களிலும் நான் ஊரின் மறுகோடியில் ஒரு தொழிற்சாலை ஆபீஸில் குமாஸ்தாக்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பேன். ஓனரம்மாவுக்குத் தெரியும். மச்சினனுக்குத் தெரியும். அனேகமாக செருப்புக் கடைக்காரருக்கும் தெரியும்.

கடைசியாக எழுதிய பக்கத்தைப் பிரித்தேன். வீட்டுப்பாடம். அந்த ஏழு சொற்களையும் வைத்துப் பத்து வாக்கியங்கள். அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். நான் தமிழில் சொல்கிறேன், அப்போதுதான் எனக்கு எங்கே வலித்தது என்று உங்களுக்குத் தெரியும்.

'கல்யாணத்துக்கு முன் என் கணவருக்கு நிறைய முடி இருந்தது.'

'அவர் பேசும்போது நான் வேறு எதையாவது யோசிப்பேன்.'

'அவர் வீட்டுக்கு வரும்போது வீடு கொஞ்சம் சின்னதாகிவிடும்.'

'அவர் வெளியே போகும்வரை இந்த நோட்டு துணிக்கு அடியில் இருக்கும்.'

'முட்டை சாரிடம் படிக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்குப் பயமில்லை.'

'நான் தப்பாகப் பேசும்போது அவர் காத்திருப்பார்.'

இந்தக் கடைசி 'அவர்' நான்தானோ என்று ஒரே ஒரு விநாடி நினைத்தேன். பிறகு முந்தைய வரியைப் பார்த்தேன். நான் இல்லை.

பத்து வாக்கியங்களுக்குக் கீழே முட்டை சார் ஒரு சிரிக்கும் முகம் வரைந்து, 'குட்! கீப் டாக்கிங்!' என்று எழுதியிருந்தார். ஒரு தப்பைக்கூடத் திருத்தவில்லை. ஒன்றைக்கூட! வீடு சின்னதாகும் வாக்கியத்தில் வென்னுக்கு அடுத்தே ஒரு 'வில்' காலை நீட்டிப் படுத்திருக்கிறது. அன்டிலுக்குப் பின்னால் இன்னொன்று. சின்ஸ் வாக்கியத்தில் காலமே தலைகீழ். இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு மனிதன் படம் வரைந்திருக்கிறான்! கண்ணை மறைத்தது பொறாமையா தொழில் கோபமா என்று எனக்கு இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சிரிக்கும் முகத்தின் காதைப் பிடித்துத் திருகவேண்டும்போல் இருந்தது. அதற்குக் காதும் வரையவில்லை.

படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டபோதுதான் என் கையைப் பார்த்தேன். கையில் சிவப்புப் பேனா. பக்கத்தைப் பார்த்தேன். கொசு அடித்த சுவர் மாதிரி இருந்தது. மூன்று 'வில்'களை அடித்திருந்தேன். இரண்டு இடத்தில் காலத்தை மாற்றியிருந்தேன். ஓரத்தில், 'மார்ஜின் விடவும்' என்று எழுதியிருந்தேன். மூலையில் ஒரு வட்டம் போட்டு, பத்துக்கு ஆறரை என்று மார்க் போட்டிருந்தேன். கீழே என் கையெழுத்து. தேதி வேறு.

திருடப் போன வீட்டில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். பதினொரு வருடப் பழக்கம். எழுத்து கண்ணில் பட்டால் கை தானாகப் போய்விடுகிறது. மளிகைச் சீட்டையே திருத்தித்தான் கடையில் கொடுப்பேன்.

நோட்டை அவசரமாகத் துணிக்கு அடியில் திணித்தேன். இரண்டு நாள் கடவுள் என் பக்கம் இருந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது நோட்டு சாப்பாட்டு மேசையில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க."

"ம்."

"அரை மார்க்கு எதுக்குக் கொறச்சீங்க?"

"அது... மார்ஜின் விடல."

"மார்ஜின்." அவள் ஒரு வெங்காயத்தை முழுதாக நறுக்கி முடித்தாள். "முடி இருந்துச்சுன்னு எழுதினேனே, அதுக்கு மட்டும் முழு மார்க்கு போட்டிருக்கீங்க."

"அது சரியான வாக்கியம்."

"தெரியும்," என்றாள். அவள் சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "நீங்க படிச்சதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்ல. ஒளிச்சு வச்சது என் தப்பு. ஆனா இன்னிக்கு கிளாஸ்ல எழுந்து நின்னேங்க. வாயைத் தொறந்தா கண்ணு முன்னாடி செவப்பு செவப்பாத் தெரியுது. ஒரு வார்த்தை வரல. ரெண்டு மாசமா நல்லாப் பேசறேன்னு நெனச்சிட்டிருந்தேன். ஆறரை தானே பேசியிருக்கேன்."

"ஆறரை நல்ல மார்க்குதான். என் கிளாஸ்ல யாருமே..."

"நாளைக்கு டாக்டரம்மாகிட்ட சொல்லிடறேன். வேற ஆளைப் பாத்துக்கட்டும். எனக்கு அந்தப் பின்னறையே போதும். கத்திரிக்கோலும் கொறடும் என்கிட்ட இங்கிலீஷ் கேக்காது."

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். அவள் அப்படிச் சொன்னதும் அரை நிமிடம் நான் சந்தோஷப்பட்டேன். இனி முட்டையும் இல்லை, சாரும் இல்லை. என் பெண்டாட்டி என் பெண்டாட்டியாகத் திரும்பி வந்துவிட்டாள். அரை நிமிடம்தான். பிறகு அவள் எழுந்து போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள். அவள் உதட்டைப் பார்த்தேன். அசையவில்லை.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? பக்கத்துலயே ஒரு வாத்தியார் இருக்கேன்."

"உங்ககிட்டயா? ஒரு வாக்கியம் முடியறதுக்குள்ள மூணு எடத்துல நிறுத்துவீங்க. பஸ்ஸுகூட அத்தனை ஸ்டாப்புல நிக்காது."

"சரி. டாக்டரம்மாகிட்ட வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒண்ணும் சொல்லாதே. எனக்காக."

"உங்களுக்காகவா?" என்று திரும்பிப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, "சரி" என்றாள்.

புதன்கிழமை வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன், பத்து மாதங்களில் முதல் முறையாகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனேன். முட்டை சார் கெட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, ரொம்பச் சின்னக் குரல்.

"வாங்க சார், வாங்க. முட்டை சாப்பிடறீங்களா?"

"வேண்டாம்," என்றேன். அவர் உரித்துக் கொடுத்தார். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நடந்ததைச் சொன்னேன். மார்க் போட்டதைச் சொன்னபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியபோது கண் ஈரமாக இருந்தது. சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் ஆகும்.

"நீங்க ஏன் ஒரு தப்பைக்கூடத் திருத்தல?" என்று கேட்டேன்.

"கப்பல்ல கொதிக்கற எண்ணெய்கிட்ட ஒருத்தன் நின்னா, 'நகருடா'ன்னு எப்படியாவது சொல்லிடணும் சார். இலக்கணம் பாத்துச் சொன்னா அவன் வெந்துடுவான். மொதல்ல வாய் தொறக்கட்டும். திருத்தறதுக்கு அப்புறமா உங்க பக்கம் அனுப்பலாம்னுதான் நெனச்சேன்."

"இதுவரைக்கும் ஒருத்தரையும் அனுப்பலையே."

"போங்கன்னுதான் சொல்றேன். போக மாட்டேங்கறாங்களே சார்." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஆனா உங்க குரல் இங்க நல்லாக் கேக்கும். அந்த சின்ஸ் பாடம் எனக்கே சரியா வராது. நீங்க நடத்தினதைக் கேட்டு எழுதி வச்சுக்கிட்டுத்தான் நான் நடத்தினேன்."

எனக்கு நெஞ்சு அரை அங்குலம் விரிந்தது. அடுத்த மூச்சில் சுருங்கியது. என் பாடத்தை என்னிடமிருந்தே எடுத்து, அதற்கும் கைத்தட்டு வாங்கியிருக்கிறார்! கோபப்படலாமென்றால் வாயில் அவருடைய முட்டை.

"நாளைக்கு மத்தியானம் கிளாஸுக்கு வாங்க," என்றார் அவர். "வாத்தியாரா வேண்டாம். பேஷண்டா."

வியாழக்கிழமை குமாஸ்தாக்களுக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். வகுப்பில் ஏழு பெண்கள். நடுவில் ஒரு நாற்காலி. அதில் என்னைச் சாய்ந்தாற்போல் உட்காரவைத்து, கழுத்தில் ஒரு துண்டைக் கட்டி, வாயைத் திறக்கச் சொன்னார் முட்டை சார். திறந்தேன். கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய பஞ்சு உருண்டைகளை உள்ளே வைத்தார்.

"பல்லு புடுங்கின பேஷண்டால பேச முடியாது," என்று வகுப்புக்கு விளக்கினார். "இந்த வேஷத்துக்கு சாரை விட்டா ஆளே கிடையாது."

ஏழு பேரும் சிரித்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்குக் கிடைத்த மூன்றாவது சிரிப்பு.

அப்போது அவள் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். துண்டு, உப்பிய கன்னம், கண்ணை மட்டும் அசைக்க முடிகிற நான். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். முட்டை சார், "உங்க பேஷண்ட் காத்துட்டிருக்கார்மா," என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அவள் மெதுவாக வந்து என் பக்கத்தில் நின்றாள். கையில் காகிதம் எதுவும் இல்லை. "டோன்ட்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பழக்க தோஷம். நான் குறுக்கிடுவதற்காகக் காத்திருந்தாள். நான் பஞ்சோடு பேசாமல் இருந்தேன். வேறு வழியும் இல்லை. ஓடுகிற குழாயை யாரோ மூடிவிட்டதுபோல ஓர் அமைதி. அது அவளுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். இன்னும் ஒரு சொல் சொன்னாள். யாரும் தடுக்கவில்லை. இன்னொன்று.

மரத்துப்போனது சரியாகும்வரை எதையும் சாப்பிடாதீர்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்கும்போது பேசாதீர்கள். தூங்குவதற்கு முன் இந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவையும் இங்கிலீஷில், மெதுவாக, ஒவ்வொன்றாக, என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அவள் குரல் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடங்களில் முழுதாகக் கேட்டதில்லை.

அப்புறம் வந்தது. ரத்தம் நிற்காதபோது எங்களுக்கு போன் செய்யுங்கள் என்பதில், வென்னுக்கு அடுத்து, ஒரு கொழுத்த 'வில்'. என் நாக்கு துள்ளிப்போய்ப் பஞ்சில் மோதியது. கை சட்டைப் பையில் பேனாவைத் தேடியது. பற்களால் பஞ்சைக் கடித்தேன்.

அவள் நிறுத்திவிட்டாள். "உங்க கண்ணு ஏன் துடிக்குது? தப்பா?"

தலையை இல்லை என்று ஆட்டினேன். பதினொரு வருடத்தில் இலக்கண விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய். அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, அந்த 'வில்'லை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனாள். அது அறை நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தது. யாரும் சாகவில்லை. ரத்தம் நிற்காவிட்டால் நான் என்ன செய்யவேண்டும் என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது.

முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். அவள் முட்டை சார் பக்கம் திரும்பினாள். அவர் கட்டை விரலை உயர்த்தினார். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. என் நெஞ்சுக்குள் சுரீர் என்றது. பொறாமைக்குப் பஞ்சின் ருசி உண்டு. அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் நானும் தட்டினேன். பேஷண்ட் கை தட்டக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே.

வீட்டுக்கு வரும் வழியில் அவள், "நாளைக்குப் போறேங்க," என்றாள். நான், "போ," என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை போனாள். உண்மையான பேஷண்டுகளோடு டாக்டரம்மா அவளை ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தாராம். ஒரு மாதம் பார்க்கலாம், பிறகு நிரந்தரம் என்று சொல்லிவிட்டார். இந்தச் செய்தியை அவள் முதலில் தம்பிக்குச் சொன்னாள், அடுத்து முட்டை சாருக்கு. மூன்றாவதாக எனக்கு. மூன்றாவது இடம் மோசமில்லை, மெடல் கொடுக்கிற இடம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவளுடைய முதல் நாள். இரண்டு வகுப்புகளுக்கு இடையே கிடைத்த பத்து நிமிடத்தில், செருப்புக் கடைக்கு மேலே மாடிப்படியில் நின்றுகொண்டு மருத்துவமனைக்கு போன் செய்தேன். குரலைக் கனமாக்கிக்கொண்டு, எந்த நாட்டுக்காரன் என்று கண்டுபிடிக்க முடியாத ஓர் இங்கிலீஷில், பல் வலிக்கிறது என்றேன்.

அவள் குட் மார்னிங் சொன்னாள். எந்தப் பல் என்று கேட்டாள். நாக்கால் துழாவி, இருப்பதில் நல்லதாக ஒன்றைச் சொன்னேன். டைரியைப் பார்க்கும்வரை தயவுசெய்து காத்திருங்கள் என்றாள். காத்திருந்தேன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. இவ்வளவு மரியாதையாக என் வீட்டில் என்னை யாரும் காத்திருக்கச் சொன்னதில்லை. கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

புதன்கிழமை நாலு மணி என்றாள். வலி அதிகமானால் அதற்கு முன்பே வந்துவிடுங்கள் என்றாள். நான் தேங்க் யூ சொன்னேன். பிறகு அவள் குரல் தணிந்தது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"என்னங்க, இங்க நாலு பேரு காத்துட்டிருக்காங்க. போனை வைங்க."

வைத்துவிட்டேன். உள்ளே என் வகுப்பு காத்திருந்தது. பக்கத்து வகுப்பில் கெட்டில் கூவியது. நான் படியிலேயே நின்றிருந்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த நாலு பேரை நினைத்துக்கொண்டேன். இனி ஒவ்வொருத்தராக எழுந்து அவள் மேசைக்குப் போவார்கள். அவள் ஒவ்வொருத்தரிடமும் அந்தக் குரலில், அவசரமே இல்லாமல் பேசுவாள். கொடுத்துவைத்தவர்கள். எனக்கோ ஒரு சொத்தைப் பல்கூடக் கிடையாது.

அந்தப் புதன்கிழமை நாலு மணியை அவள் டைரியிலிருந்து அடிக்கவில்லை. நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.